கத்திப்பாராவில் நின்ற வெண்டைக்காய் வண்டி
பம்பை மாற்றும் முன் எரிபொருள் அழுத்தத்தைப் பாருங்கள்

மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் என் சித்தப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். போர்வெல், சொட்டுநீர், கோடையில் வெண்டை. நான் குடியிருப்பது சென்னை ஆதம்பாக்கத்தில். பறிப்பு நாளில் மாலையில் கிராமத்துக்குப் போய், மூட்டைகளை என் பழைய பெட்ரோல் மினிவேனில் ஏற்றிக்கொண்டு இரவு வீட்டுக்கு வந்துவிடுவேன். விடியற்காலை 3 மணிக்கு எழுந்து கோயம்பேடு. கமிஷன் கடையில் காயை இறக்கிவிட்டு 7 மணிக்குத் திரும்பினால் அலுவலகம் போகச் சரியாக இருக்கும்.

வெண்டை பொறுமை இல்லாத பயிர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும். பறித்த காய் ஒரு நாள் தாமதித்தாலும் நுனி ஒடியாது, நார் ஓடிவிடும். கோயம்பேட்டில் 4 மணிக்கு இருக்கும் விலை 6 மணிக்கு இருக்காது. ஆகவே எங்கள் விவசாயத்தில் தண்ணீருக்கு அடுத்தபடி முக்கியமானது அந்த வண்டிதான்.

2024 மார்ச் மாதம், பத்து மூட்டையுடன் கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது அந்த வண்டி முதல் தடவையாக மூச்சு வாங்கியது. இண்டிகேட்டர் போட்டு வளைவில் ஏறுகிறேன். ஆக்சிலேட்டரை மிதித்தால் வேகம் கூடுவதற்குப் பதில் குறைகிறது. இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு நடுப் பாலத்தில் நின்றது. பத்து நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. மெதுவாக ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது முதல் விலை போய்விட்டது.

அன்று பகலில் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். மெக்கானிக் ஓட்டிப் பார்த்தார். வண்டி பாட்டுக்கு ஓடியது. “பம்ப் வீக்கா இருக்கும் சார், மாத்திடலாம்” என்றார். டேங்கை இறக்கிப் புதிய ஃபியூயல் பம்ப் போட்டு, கூலியோடு 6,800 ரூபாய் ஆனது. மூன்றாவது லோடில் அதே பாலம், அதே வளைவு, அதே இழுப்பு. இந்தத் தடவை நான்கு மூட்டை அன்று விற்கவே இல்லை. அடுத்து “ஈசியூ-வைப் பார்க்கணும் சார்” என்றார். அதற்கு அவர் சொன்ன தொகையை இங்கே எழுத மனம் வரவில்லை.

சித்தப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கார் ஓட்டத் தெரியாதவர். “ஏன்டா தம்பி, நம்ம சொட்டுநீர் ஃபில்டர்ல முன்னால ஒரு மீட்டர், பின்னால ஒரு மீட்டர் வச்சிருக்கோமே. தண்ணி சரியா போகலைன்னா முதல்ல அதைத்தானே பார்க்கிறோம்? எடுத்த எடுப்புல மோட்டாரையா கழட்டுறோம்? உன் வண்டிக்கு அப்படி ஒரு மீட்டர் கிடையாதா?” என்றார்.

இருக்கிறது. அதன் பெயர் ஃபியூயல் பிரஷர் கேஜ். நான் பார்த்த ஒர்க்‌ஷாப்பில் அது இல்லை, அவ்வளவுதான்.

மணல் ஃபில்டரும் பெட்ரோல் ஃபில்டரும்

சொட்டுநீர் போட்டவர்களுக்கு இந்த விஷயம் பாதி தெரிந்ததுதான். நிலத்தில் மோட்டார் தண்ணீரைத் தள்ளுகிறது, ஃபில்டர் வடிக்கிறது, மெயின் லைனில் அழுத்தம் சுமார் 1 முதல் 1.5 கிலோ வரை நின்றால் கடைசிச் செடிக்கும் சொட்டு விழும். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள மீட்டர்களில் வித்தியாசம் கூடினால் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அலச வேண்டும். இரண்டுமே குறைவாகக் காட்டினால் கோளாறு மோட்டார் பக்கம், அல்லது கரன்ட் பக்கம்.

காரில் டேங்குக்குள் மூழ்கிக் கிடக்கும் சின்ன மின்பம்ப் பெட்ரோலைத் தள்ளுகிறது. அது ஃபில்டரைக் கடந்து, இன்ஜின் தலையில் உள்ள ஃபியூயல் ரெயில் என்ற குழாய்க்கு வருகிறது. அந்தக் குழாயில் சிலிண்டருக்கு ஒன்றாக இன்ஜெக்டர்கள் செருகப்பட்டிருக்கும். அவைதான் நம் டிரிப்பர்கள். எத்தனை மில்லி விநாடி திறக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத் திறக்கும். ஆனால் அந்தக் கணக்கு, ரெயிலில் குறிப்பிட்ட அழுத்தம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் போடப்படுவது. அழுத்தம் குறைந்தால் அதே நேரம் திறந்தாலும் பெட்ரோல் குறைவாகத்தான் விழும். சாதாரண பெட்ரோல் கார்கள் பலவற்றில் ரெயில் அழுத்தத்தை அளக்கும் சென்சார் கிடையாது. அதனால்தான் டேஷ்போர்டில் விளக்கு எரியாமலேயே வண்டி இழுக்காமல் போகிறது.

எவ்வளவு இருக்க வேண்டும்? நம் ஊரில் ஓடும் மல்டிபாயின்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் 3 பார் சுமார், அதாவது 43, 44 பிஎஸ்ஐ. என் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் 270 முதல் 310 கிலோபாஸ்கல் என்றிருந்தது. 100 கிலோபாஸ்கல் என்பது 1 பார். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் அரை பார் கூட இருக்காது. உங்கள் வண்டிக்கு என்ன என்பதை அதன் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வண்டியின் எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

எல்லா வண்டிக்கும் இந்த வேலை ஆகாது. டர்போ பெட்ரோல் கார்களில் சிலிண்டருக்குள் நேரடியாகப் பீய்ச்சும் வகைகள் உண்டு. அவற்றின் இரண்டாவது பம்ப் நூறு பாருக்கு மேல் அழுத்தும். சிஎன்ஜி, ஹைபிரிட் வண்டிகளும் நம் கைக்கு வேண்டாம். டீசலைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கேஜ் வாங்கியது

சென்னையில் வண்டிச் சாமான் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழைய சாமான் என்றால் புதுப்பேட்டை. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் 0 முதல் 7 பார் வரை காட்டும் கேஜ், ஓஸ், நாலைந்து வகை டி-ஜாயின்ட் சேர்ந்த பெட்டி ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைத்தது. மாற்றிய பம்பின் விலையை நினைத்துக்கொண்டே காசைக் கொடுத்தேன்.

“ஸ்பிரேயர் மீட்டர் வீட்டிலேயே இருக்கே” என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பவர் ஸ்பிரேயர் மீட்டர் 40, 60 கிலோ வரை காட்டுவது. அதில் 3 பார் என்றால் முள் படுக்கையை விட்டு எழுந்திருக்காது, 2.2-க்கும் 2.9-க்கும் வித்தியாசம் தெரியவே தெரியாது. கேஜ் எதுவானாலும் நாம் பார்க்க வேண்டிய எண் அதன் நடுப்பகுதியில் விழ வேண்டும். அதைவிட முக்கியம், ஸ்பிரேயர் ஓஸையோ சொட்டுநீர்க் குழாயையோ பெட்ரோலுக்கு மாட்டாதீர்கள். ஊறி, வழுக்கி, அழுத்தத்தில் கழன்றுவிடும். இன்ஜெக்‌ஷன் வண்டிக்கான ஃபியூயல் ஓஸ் என்று கேட்டு வாங்க வேண்டும்; மேலே 30ஆர்9 என்று அச்சிட்டிருந்தால் நல்லது. கிளிப்பும் ஓஸை அறுக்காத, ஓரம் மடித்த வகையாக இருக்கட்டும்.

முதலில் நெருப்பு

பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் சுமாரிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகக் கூடியது. நம் ஊர் வெயிலில் சொல்லவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு ஊர்ந்து போகும்.

ஆதம்பாக்கத்தில் எங்கள் தெருவில் எல்லாம் தூண்களின் மேல் நிற்கும் அடுக்குமாடிகள். கீழே கார் நிறுத்தம். அதே இடத்தில்தான் இ.பி. மீட்டர் பெட்டிகள், தண்ணீர் மோட்டார் ஸ்டார்ட்டர், ஒரு மூலையில் வாட்ச்மேன் அடுப்பு. தொட்டி நிரம்பினால் தானாக நிற்கும், குறைந்தால் தானாக ஓடும் ஆட்டோமேட்டிக் மோட்டார் வேறு. நீங்கள் குனிந்து கிளிப்பைக் கழற்றும் நேரத்தில் அந்த ஸ்டார்ட்டர் ‘டக்’ என்று போட்டால் அந்தப் பொறி போதும். ஆகவே வண்டியைத் தள்ளித் தெருவுக்கோ, களத்துக்கோ கொண்டுபோங்கள். கிராமத்தில் என்றால் மோட்டார் ஷெட்டுக்குள் வேண்டாம், வைக்கோல் போர் அருகிலும் வேண்டாம்.

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பீடி, சிகரெட், செல்போன் சார்ஜர், வயர் இழுத்த குண்டு பல்பு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தண்ணீர் வாளி பெட்ரோல் தீக்கு உதவாது. தீ மிதந்து பரவும். கண்ணாடி போடுங்கள். தனியாகச் செய்யாதீர்கள். நான் செய்த அன்று சித்தப்பா தீயணைப்பானை மடியில் வைத்துக்கொண்டு வாசல் திண்டில் உட்கார்ந்திருந்தார். காலையில் ஆரம்பித்து இரண்டு மணி நேரம் ஆனது. தெருவில் போகிறவர்கள் எல்லாரும் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அழுத்தத்தை இறக்குவது

வண்டியை அணைத்த பிறகும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். அப்படியே கிளிப்பைக் கழற்றினால் பெட்ரோல் முகத்தில் அடிக்கும். முதலில் ஃபியூஸ் பெட்டியில் ஃபியூயல் பம்ப் ரிலேயையோ ஃபியூஸையோ பிடுங்கிவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். குழாயில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்ததும் தானாக அணையும். இன்னும் இரண்டு, மூன்று விநாடி ஸ்டார்ட்டரைச் சுற்றிப் பாருங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள்.

இப்போதும் குழாயில் கொஞ்சம் பெட்ரோல் இருக்கும். துணியைச் சுற்றிக்கொண்டு மெதுவாகக் கழற்ற வேண்டும். சில கார்களில் ரெயிலின் மேலேயே சைக்கிள் டியூப் வால்வு போல ஒரு சோதனை வாய் இருக்கும். கேஜை அதில் திருகினால் போதும். நம் ஊர்ச் சின்னக் கார்கள் பலவற்றில் அது இல்லை. என் வண்டியில் முன் இருக்கைக்கு அடியில் இன்ஜின். ஃபில்டரிலிருந்து ரெயிலுக்கு வரும் ரப்பர் ஓஸைக் கழற்றி நடுவில் டி-ஜாயின்ட் போட்டேன். புதிய கார்களில் பிளாஸ்டிக் பூட்டுள்ள இணைப்பு வரும். அதற்கென்று தனிச் சாவி உண்டு. அது இல்லாமல் ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பூட்டு உடையும்; புதுக் குழாய் வாங்க வேண்டி வரும். அப்படிப்பட்ட வண்டியை, கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோவதே மேல்.

முள் பேசுவது

கேஜ் மாட்டி, கிளிப்புகளை இறுக்கி, ரிலேயைப் போட்டு, பேட்டரியை மாட்டினேன். சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்பினேன். பின்பக்கம் பம்ப் இரண்டு விநாடி ‘உம்’ என்றது, முள் எழுந்தது. அணைத்து, மறுபடி ஆன். இப்படி மூன்று தடவை. ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவி ஈரம் இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு கிளிப்பில் கசிந்தது. அதை இறுக்கிய பிறகுதான் இன்ஜினை எழுப்பினேன்.

பம்ப் சத்தமே வராமல் முள்ளும் அசையாவிட்டால் பம்பைத் திட்டும் முன் ஃபியூஸ், ரிலே இரண்டையும் பாருங்கள். சத்தம் வந்து முள் எழாவிட்டால் டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், டேங்க் மீட்டர் பொய் சொல்லும் வண்டிகள் நிறைய உண்டு.

இன்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டியது இரண்டு வகை. ரெயிலிலேயே ரெகுலேட்டர் இருந்து, அதற்கு ஒரு மெல்லிய வேக்கம் ஓஸ் போனால், ஐடிலில் அழுத்தம் அரை பார் போலக் குறைவாகக் காட்டும். அந்த மெல்லிய ஓஸைப் பிடுங்கினால் ஏறும். ஏறாவிட்டால் ரெகுலேட்டர் கோளாறு. பிடுங்கிய ஓஸுக்குள் பெட்ரோல் ஈரம் இருந்தாலும் ரெகுலேட்டரின் சவ்வு கிழிந்திருக்கிறது. ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கும் வண்டிகளில் இந்த ஏற்ற இறக்கம் இருக்காது. ஒரே அளவில் நிற்க வேண்டும். என் வண்டி இரண்டாவது வகை.

அளவைவிட அதிகமாகக் காட்டினால் ரெகுலேட்டர் சிக்கியிருக்கிறது, அல்லது டேங்குக்குத் திரும்பும் குழாய் நசுங்கியிருக்கிறது. மைலேஜ் விழும், புகை கறுக்கும். குறைவாகக் காட்டினால் ஃபில்டர், டேங்குக்குள் பம்பின் வாயில் உள்ள வலை, பம்ப், அதற்கு வரும் கரன்ட் என நாலில் ஒன்று.

அணைத்த பிறகும் முள்ளை விட்டு எழுந்துவிடாதீர்கள். ஐந்து, பத்து நிமிடம் அழுத்தம் பெரும்பாலும் நிற்க வேண்டும். சரசரவென்று இறங்கினால் பம்பின் திரும்பா வால்வு ஒழுகுகிறது, அல்லது இன்ஜெக்டர் சொட்டுகிறது. காலையில் நாலு தடவை அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் பதில். போர்வெல்லில் ஃபுட் வால்வு போனால் ஒவ்வொரு தடவையும் குழாய் நிறைய நேரம் ஆகிறதே, அதே கதை.

என் கேஜில் சாவி ஆனில் 2.9. ஐடிலில் 2.9. ஆக்சிலேட்டரைத் திருகினால் 2.9. பத்து நிமிடம் ஓடிய பிறகும் 2.9. அணைத்தால் இறங்கவில்லை. மெக்கானிக் மாற்றிய புதிய பம்ப் மிக நன்றாக வேலை செய்தது. எனக்கு அழுகை வராத குறை.

இரவில் மட்டும் வந்த நோய்

“ராத்திரிதானே நிக்குது? ராத்திரி என்னென்ன போடுவ?” என்று கேட்டார் சித்தப்பா, தீயணைப்பானை மடியிலிருந்து இறக்காமலேயே.

ஹெட்லைட் போட்டேன். முள் ஒரு துளி இறங்கியது, 2.7. பிரேக்கை மிதித்தேன், 2.3. காலை எடுத்தால் ஏறுகிறது. இடது இண்டிகேட்டரைப் போட்டபோதுதான் உடம்பு சிலிர்த்தது. விளக்கு ‘டிக் டிக்’ என்று மின்ன, அதே தாளத்தில் கேஜின் முள்ளும் தலையாட்டியது.

பெட்ரோல் குழாய்க்கும் இண்டிகேட்டருக்கும் என்ன உறவு? பின்விளக்குகளுக்கும் ஃபியூயல் பம்புக்கும் என் வண்டியில் எர்த் ஒயர் ஒரே போல்ட்டில் பாடியில் இறங்குகிறது. அந்த போல்ட் கெட்டால் பம்பும் விளக்குகளும் ஒரே ஒற்றையடிப் பாதையில் முண்டியடிக்கும். விளக்கு எரியாதபோது பம்புக்கு ஓரளவு கரன்ட் கிடைக்கிறது. விளக்கு போட்டால் பங்கு போகிறது. பம்ப் சோர்கிறது. காலி வண்டியில், சமதளத்தில் அந்தச் சோர்வு தெரியாது. பத்து மூட்டையோடு, விளக்குகளோடு, இண்டிகேட்டரோடு கத்திப்பாரா ஏறும்போது தெரிந்துவிடும். ஒர்க்‌ஷாப்பில் பகலில் ஓட்டிப் பார்த்தவருக்கு அது எப்படித் தெரியும்?

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட். பம்பின் கனெக்டரில் 11.6. பிரேக் மிதித்தால் 9.8. மீட்டரின் ஒரு முனையை பம்பின் எர்த் ஒயரிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்தால், நல்ல வண்டியில் கால் வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். இங்கே 2 வோல்ட்டுக்கு மேல். இதைச் செய்யும்போது மீட்டரை வோல்ட்டில் மட்டும் வையுங்கள். ஆம்பியரில் வைத்துத் தொட்டால் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து நேரே ஒயர் இழுத்துப் பம்பை ஓட்டிப் பார்க்கும் பழக்கத்தை, டேங்க் பக்கத்தில், தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பின்பக்க மேட்டைத் தூக்கினால் அந்த போல்ட் பச்சை பூத்து, துருவேறி உட்கார்ந்திருந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை என்று அப்போது நிம்மதியாக இருந்துவிட்டேன். அரத்தாள் கொண்டு தேய்த்து, புதிய ஒயர் முனை போட்டு, மேலே வாசலின் தடவி முடுக்கினோம். பிரேக், விளக்கு, இண்டிகேட்டர் எல்லாம் போட்டும் முள் 3-ஐ விட்டு நகரவில்லை. செலவு 40 ரூபாய்.

வேளச்சேரி, ஆதம்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் அந்த மழையில் நின்ற வண்டி வைத்திருப்பவர்களும், காவிரிக் கரையில் வெள்ளம் பார்த்த வண்டி வைத்திருப்பவர்களும் பின்பக்க எர்த்தை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. தண்ணீர் வடிந்த அன்று ஒன்றும் தெரியாது. மூன்று, நான்கு மாதம் கழித்துத்தான் துரு தன் வேலையைக் காட்டும்.

கேஜைக் கழற்றும்போதும் முதலில் செய்தது போலவே அழுத்தத்தை இறக்கியாக வேண்டும். பழைய கிளிப்பைத் திரும்பப் போடாதீர்கள். ஓஸை மாட்டிய பிறகு மூன்று தடவை சாவியை ஆன் செய்து, கசிவு இல்லை என்று தடவிப் பார்த்த பிறகே ஸ்டார்ட்.

நம் மக்காச்சோளம் நம் டேங்கில்

எல்லா வண்டியிலும் எர்த்தே காரணமாக இருக்காது. இப்போது அதிகம் வருவது ஃபில்டர் அடைப்பு. அதற்கு நம் பயிரும் ஒரு காரணம் என்பது வேடிக்கை. கரும்பு, மக்காச்சோளம், அரிசியிலிருந்து வரும் எத்தனாலை பெட்ரோலில் 20 சதவீதம் கலப்பதற்கு முதலில் 2030 என்றுதான் கெடு இருந்தது. அதை முன்னே இழுத்து 2025-லேயே எட்டிவிட்டார்கள். பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளம் போட்டவர்களுக்கு இது நல்ல செய்தி. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகள் இந்தக் கலவையைத் தாங்கும்படி செய்யப்பட்டவை.

பழைய வண்டிக்காரர்களுக்குத்தான் கவனம் வேண்டும். எத்தனால் டேங்கின் பழைய படிவுகளைக் கரைத்துக் கிளப்பும். அது ஃபில்டரில் போய் உட்காரும். பழைய ரப்பர் ஓஸ்களை உப்பவும் வெடிக்கவும் வைக்கும். காற்றின் ஈரத்தையும் இழுக்கும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலோடு சேர்ந்து தனியே பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்பின் வாய் இருப்பதும் அதே அடியில். அறுவடை முடிந்து இரண்டு மாதம் நிறுத்திவைக்கும் வண்டி என்றால் அரை டேங்க் காலியாக விடாதீர்கள். ஓடும் வண்டியிலும் கால் டேங்குக்குக் கீழே இறக்க வேண்டாம். பம்ப் குளிர்வது அது மூழ்கியிருக்கும் பெட்ரோலால்தான். நூறு ரூபாய்க்கு நூறு ரூபாயாகப் போட்டு ஓட்டும் நம் பழக்கம் பம்பைச் சுடவைத்துக் கொல்கிறது.

டிராக்டருக்கு இந்த கேஜ் வேண்டாம்

இதைப் படித்துவிட்டு யாரும் டிராக்டரிலோ டீசல் பிக்கப்பிலோ இந்தக் கேஜை மாட்டக் கூடாது. புதிய காமன் ரெயில் டீசல் இன்ஜின்களில் ரெயில் அழுத்தம் 1,600, 2,000 பார் வரை போகும். நம் கேஜ் 7 பாருக்கானது. கசிவைத் தேடி விரலை வைத்தால் டீசல் ஊசி போலத் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே கொசு கடித்த புள்ளிபோலத்தான் தெரியும், முதலில் வலிக்கவும் வலிக்காது. அதை நம்பி வீட்டில் இருந்துவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரும். உடனே மருத்துவமனைக்குப் போய், டீசல் அழுத்தத்தில் உள்ளே ஏறிவிட்டது என்று சொல்ல வேண்டும். பழைய டிராக்டர்களிலும், 5 எச்பி டீசல் பம்ப்செட்டிலும்கூட நாசில் பீய்ச்சும்போது 150 பாருக்கு மேல்தான். அதற்குக் கையை நீட்டக் கூடாது.

அவற்றில் நாம் வீட்டில் பார்க்கக் கூடியது பம்ப்புக்கு முன்னால் உள்ள தாழ்ந்த அழுத்தப் பகுதி மட்டும். ஃபில்டர் கிண்ணத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, டேங்க் மூடியின் காற்றுத்துளை மண் அடைத்திருக்கிறதா, ஓஸ் காற்று இழுக்கிறதா என்று பார்க்கலாம். ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பிரைமரை அழுத்தினால் நுரை நுரையாக வரும். நுரை நின்று டீசல் கம்பியாக வரும்போது ஸ்க்ரூவை மூட வேண்டும். எத்தனை அழுத்தியும் நுரை நிற்கவில்லை என்றால் எங்கோ காற்று நுழைகிறது. அதற்கு மேல் பம்ப்-நாசில் ஒர்க்‌ஷாப்தான். அங்கே நாசில் டெஸ்டரில் போட்டு, எத்தனை பாரில் திறக்கிறது, பனிபோலத் தூவுகிறதா, சொட்டுகிறதா என்று கண் முன்னே காட்டுவார்கள். காட்டச் சொல்லிக் கேளுங்கள். உழவு நேரத்தில் டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் மாட்டிக்கொண்டால் வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டருக்கு உழவன் செயலியில் முன்பதிவு செய்யலாம்.

எங்கள் வண்டி அதன் பிறகு கத்திப்பாராவில் நிற்கவில்லை. ஒர்க்‌ஷாப்காரரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். சண்டைக்குப் போகவில்லை, எண்களை எழுதிய தாளைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இந்த மீட்டர் எங்க சார் கிடைக்குது?” என்று கேட்டார். கழற்றிய பழைய பம்பைத் திருப்பிக் கொடுத்தார். அது இப்போது மதுராந்தகத்தில், மோட்டார் ஷெட் அலமாரியில், வெண்டை விதைப் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நல்ல பம்ப். இன்னும் ஓடும்.